ஐந்தாம் வார்த்தை என் பெயருக்கு விழுந்த வருடம்

ஆண்டவரை நம்பியிருக்கிற சகோதர சகோதரிகளுக்கு விருத்தாசலத்திலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். இதைச் சபையில் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டேன். வெளியூரில் இருக்கிறவர்களும் வாசிக்கட்டும், எழுதிக் கொடு என்று எங்கள் சபைப் போதகரான ஐயருடைய மனைவி, நாங்கள் ஐயரம்மா என்று கூப்பிடுகிறவர்கள், கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பேனாவை எடுப்பேன், வைப்பேன். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதினால் அப்படியே நிற்கும். அதனால்தான் கை கூசியது. இப்போதும் கூசுகிறது.

2005ஆம் வருடம் ஜூலை மாதம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று வருடமாக உதிரப்போக்கு. மருந்து, மாத்திரை, கை வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. அந்த ஊர் பெயரும் வேண்டாம், ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம். தையல் பிரித்து வீட்டுக்கு வந்த வாரத்தில் ஒரு காலை எழுந்து பார்த்தால் பாய் நனைந்திருந்தது. அசதியில் தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து நின்றேன். காலோடு வழிந்தது. அன்றிலிருந்து எனக்குச் சிறுநீர் நிற்கவே இல்லை. உட்கார்ந்தாலும் நின்றாலும் படுத்தாலும் சொட்டிக்கொண்டே இருந்தது.

திரும்பவும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை போனேன். சீட்டுப் போடுகிற இடத்தில் ஒரு பெண் இருந்தாள்.

"என்னா கம்ப்ளைண்ட்டு?"

மெதுவாகச் சொன்னேன்.

"என்னாது? சத்தமா சொல்லுங்க."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"ஓ, ஒண்ணுக்கு நிக்கலியா?" என்று அவள் கேட்டது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் கேட்டது. ஒரு ஆள் திரும்பி என் புடவையைப் பார்த்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. சீட்டு வாங்கவில்லை. நேராகப் போய்ப் பஸ் ஏறி, நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. இனிமேல் எந்த டாக்டரிடமும் வாய் திறப்பதில்லை என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் தாவீது லாரி ஓட்டுகிறவர். வேப்பூரில் வண்டி எடுத்தால் திரும்ப ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். பிள்ளைகள் இருவரும் விடுதியில் தங்கிப் படித்தார்கள். அதனால் வீட்டுக்குள் மறைப்பது எனக்குச் சுலபமாகப் போய்விட்டது. பழைய புடவைகளையெல்லாம் கிழித்துத் துணியாக்கினேன். அவர் வருகிற நாட்களில் நான் அடுப்படியில் தனியாகப் பாய் விரித்துக்கொள்வேன். "ஆபரேஷன் பண்ண ஒடம்புங்க" என்பேன். முதலில் சரி என்றார். பிறகு சரி என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிற விதத்திலேயே அவர் மனது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. கட்டின புருஷனிடம் சொல்வதற்குக்கூட எனக்கு அவ்வளவு வெட்கம்.

இனி வேலைக்கு வருகிறேன். எங்கள் ஊர் செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் நான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. கண்ணும் புருவமும் எழுத எல்லோரும் என்னிடம்தான் கொடுப்பார்கள். அந்த இடத்தை நானே விட்டேன். களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைக்கு இரண்டு பக்கமும் ஒட்டின இடத்தில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். பிறகுதான் காய வைத்துச் சுடுவார்கள். அந்தத் துடைக்கிற வேலையைக் கேட்டு வாங்கினேன். "நல்லா உக்காந்து செய்யற வேலைய உட்டுட்டு ஏம்மா ஈரத்துல போயி உக்கார்ற?" என்று முதலாளி கேட்டார். வர்ணம் மூக்கில் ஏறுகிறது என்று ஏதோ சொன்னேன். உண்மை என்னவென்றால், ஸ்பாஞ்சு பிடிக்கிற பெண்களின் புடவை எப்போதும் நனைந்திருக்கும். மடி நனையும், முழங்கால் நனையும், உட்காரும் பலகையைச் சுற்றிச் சேறும் தண்ணீருமாக இருக்கும். அங்கே நனைந்தவளை யாரும் ஏன் நனைந்தாய் என்று கேட்கமாட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

ஈரத்தை மறைத்துவிட்டேன். நாற்றத்தை என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். தண்ணீர் குடித்தால்தானே வரும், குடிக்காவிட்டால்? காலையில் அரை டம்ளர் காப்பி. பகலில் சோற்றோடு இரண்டு வாய். அவ்வளவுதான். சூளைக்குப் பக்கத்தில் வேலை செய்கிற எங்களுக்கு வெயில் காலத்தில் முதலாளி வீட்டிலிருந்து நீர்மோர் வரும். என் பங்கை வாங்கி, குடிப்பதுபோல் காட்டி, மண் கரைக்கிற தொட்டியில் ஊற்றிவிடுவேன். உதடு வெடித்தது. தலை சுற்றியது. துணி பட்ட இடமெல்லாம் புண். எழுத அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் இதே நிலையில் ஒரு சகோதரி இருந்தால் அவளுக்காக எழுதுகிறேன்.

தண்ணீரைக் குறைத்தும் நாற்றம் குறையவில்லை. கூடத்தான் ஆயிற்று. ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற வசந்தா மூக்கைச் சுளித்தாள்.

"எலி எங்கியோ செத்துக் கெடக்குதுடி. ரெண்டு நாளா பாக்கறேன், தாங்க முடியல."

எல்லோரும் எழுந்தார்கள். பலகைகளை நகர்த்தினார்கள். அச்சு அடுக்கி வைத்திருக்கிற மூலையெல்லாம் துடைப்பத்தால் குத்திப் பார்த்தார்கள். நானும் தேடினேன். ஆமாம், நானும் அவர்களோடு குனிந்து பலகைக்கு அடியில் எலியைத் தேடினேன். "இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லக்கா" என்றுகூடச் சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. எலி கிடைக்கவில்லை. வசந்தா ஊதுவத்தி கொளுத்தி எங்கள் இருவருக்கும் நடுவில் களிமண்ணில் குத்தி வைத்தாள்.

கோயிலுக்குப் போவதை அதற்கும் முன்பே நிறுத்தியிருந்தேன். செப்டம்பர் மாதம் ஒரு நற்கருணை ஞாயிறு. பலிபீடத்துக்கு முன்னால் நீளமாக ஒரு மெத்தை போட்டிருப்பார்கள், அதில் வரிசையாக முழங்கால்படியிட்டு அப்பமும் ரசமும் வாங்குவோம். நான் வாங்கிக்கொண்டு எழுந்தேன். என் இடத்தில் அடுத்ததாக ரூபி அக்கா முழங்கால் போட்டார்கள். எங்கள் சபையில் கறாரான ஆள் என்று பெயர் எடுத்தவர்கள். முழங்கால் பட்டதும் திடுக்கிட்டு மெத்தையைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு தலையைத் தூக்கி, ஓடு எங்கேயாவது ஒழுகுகிறதா என்று மேலே பார்த்தார்கள். அன்றைக்கு மழையே இல்லை. நான் வேகமாக வெளியே வந்துவிட்டேன். ஆண்டவருடைய சரீரம் வாயில் கரைவதற்கு முன்பே ஓடி வந்தவள் நான். மறு ஞாயிற்றிலிருந்து யூனிட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜெபிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். தினமும் ஜெபித்தேன். ஆனால் எப்படி ஜெபித்தேன் தெரியுமா? சுகம் தாரும் என்று கேட்கவில்லை. கேட்க மனது வரவில்லை. இதைப் போய் அந்தப் பரிசுத்தரிடம் எப்படிச் சொல்வது என்று வாய் வரவில்லை. "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும்" என்பதுதான் என் ஜெபம். எட்டொன்பது மாதமாக வேறு வார்த்தை இல்லை. ரயில் சத்தம் கேட்கும்போது வேறொரு எண்ணமும் வந்துபோகும். அதை விவரமாக எழுதமாட்டேன். தண்டவாளம் எங்கள் தெருவுக்குப் பக்கம்தான் என்று மட்டும் சொல்லுகிறேன்.

இனி எங்கள் சபையின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். புனித வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரைக்கும் மும்மணி ஆராதனை. ஆண்டவர் சிலுவையில் பேசின ஏழு வார்த்தைகளையும் எங்கள் ஐயரே பிரசங்கிப்பதில்லை. குருத்தோலை ஞாயிறன்று சபையார் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு ஊறுகாய் ஜாடியில் போட்டுக் குலுக்கி எடுப்பார். வார்த்தைக்கு ஒரு பெயர். யார் பெயர் விழுகிறதோ அவர் அந்த வார்த்தையைப் பற்றிப் பேச வேண்டும். படித்தவர், படிக்காதவர், வருகிறவர், வராதவர் என்று கிடையாது. விழுந்ததை மறுத்தவர்களும் கிடையாது, மாற்றினதும் கிடையாது.

2006இல் குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் சாயங்காலம் ஐயரம்மா வீட்டுக்கு வந்தார்கள். உட்காரச் சொல்லவே பயமாக இருந்தது. வாசலிலேயே நிறுத்திப் பேசினேன்.

"எஸ்தரு, அஞ்சாவது வார்த்தை ஒனக்கு விழுந்திருக்குதும்மா."

அது தாகமாயிருக்கிறேன் என்று ஆண்டவர் சொன்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். உதட்டில் வெடிப்போடு நின்றுகொண்டிருந்தேன். யாரோ என் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"வேற யாருக்காச்சும் குடுத்துடுங்கம்மா. எனக்குப் பேசல்லாம் வராது."

"வந்ததப் பேசு. ரெண்டு வார்த்தை பேசினாக்கூட போதும். சீட்டுல வந்தத மாத்தற பழக்கம் இல்லன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார்கள். போகும்போது திரும்பி, "ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலியா?" என்று கேட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

அந்த வாரம் வேதத்தில் ஆண்டவருடைய பாடுகளின் பகுதியை எடுத்து வாசித்தேன். எத்தனையோ வருடம் கேட்டதுதான். அடித்தார்கள், துப்பினார்கள், முள்முடி வைத்தார்கள் என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது. இந்தத் தடவை வேறொன்று கண்ணில் பட்டது. அவருடைய உடுப்புகளைக் கழற்றிப் பங்குபோட்டார்கள் என்று இருக்கிறது. உடுப்பே இல்லாமல், ஊர் வழிப்போக்கர்கள் எல்லாம் பார்க்க, பெற்ற தாய் பார்க்க, அவர் தொங்கினார். படங்களில் நாம் ஒரு துணியைச் சுற்றி வரைந்துவிடுகிறோம். அது நம்முடைய வெட்கத்துக்காக. அவருக்கு அந்தத் துணியும் இருந்திருக்காது என்று நினைத்தபோது வாசிக்க முடியாமல் மூடிவிட்டேன். அப்புறம் அந்தக் கடற்காளான். காடியில் தோய்த்து அவர் வாயிடத்தில் நீட்டினது. அது நான் நாள் முழுக்கக் கையில் பிடித்திருக்கிற ஸ்பாஞ்சுதான் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஐயரம்மாவிடம் பிற்பாடு கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இவ்வளவும் வாசித்துவிட்டு நான் பேசுவதற்கு என்ன தயார் செய்தேன் தெரியுமா? அது சரீர தாகம் அல்ல, ஆத்தும தாகம், நம்முடைய ஆத்துமாக்களுக்காக அவர் தாகமாயிருந்தார் என்று. எல்லோரும் பேசுகிற பேச்சு. தவறும் இல்லை. ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டது உடம்பைப் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்ளத்தான்.

அந்த வருடம் புனித வெள்ளியும் சித்திரை முதல் தேதியும் ஒரே நாளில் வந்தன. யூனிட்டுக்கு விடுமுறை. தெருவில் வீட்டுக்கு வீடு வடை பாயசம். எங்கள் சபைப் பெண்கள் அன்றைக்கு வெள்ளைப் புடவைதான் கட்டுவோம். வெள்ளையில் ஈரம் எப்படித் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வியாழன் மதியத்துக்கு மேல் நான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வெள்ளியன்று மூன்று மணி வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அது எனக்கு வசதியாகப் போயிற்று. கிடைத்த துணியெல்லாம் மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு, வாசல் ஓரத்துக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

நான்கு வார்த்தைகள் முடிந்தன. என் பெயரைக் கூப்பிட்டார்கள். நடந்து போய் முன்னால் நின்றேன். வெயில் ஓட்டின் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. "ஆண்டவருக்கு இருந்தது ஆத்தும தாகம்" என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் விழுங்கப் பார்த்தேன், எச்சில் இல்லை. மறுபடியும் திறந்தேன். காற்றுதான் வந்தது. எதிரே சபை முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஐயரம்மா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எல்லோரும் விரதமாக இருக்கிற இடத்தில், மூன்று மணி ஆகாத நேரத்தில், அந்தத் தண்ணீரை என் கையில் கொடுத்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

"குடிம்மா. பாவம் இல்ல. குடி."

"வேண்டாம்மா."

"மயக்கமா வந்து வுழுந்துடப் போற. ஏன் வேண்டாங்கற?"

"குடிச்சா நனைஞ்சிடுவேம்மா" என்றேன்.

ஒலிபெருக்கிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. சொன்ன பிறகு இனி எதை மறைப்பது? அழுதுகொண்டே சொன்னேன். ஆபரேஷனைச் சொன்னேன். நிற்காமல் ஒழுகுவதைச் சொன்னேன். தண்ணீர் குடிக்காமல் இருப்பதைச் சொன்னேன். "ஆத்தும தாகம்னு பேசத்தான் வந்தேன். எனக்கு இப்ப நெசமாவே தாகமா இருக்குது. அவருக்கும் இப்படித்தான இருந்திருக்கும். அவரு வாயத் தொறந்து கேட்டுட்டாரு. என்னால முடியல" என்றேன். அவ்வளவுதான் என் பிரசங்கம். பிறகு அந்த டம்ளரை வாங்கி முழுவதும் குடித்தேன். இன்னொரு டம்ளர் கொடுத்தார்கள், அதையும் குடித்தேன்.

கட்டியிருந்த துணி எவ்வளவு நேரம் தாங்கும்? நின்ற இடத்திலேயே நனைந்தேன். வெள்ளைப் புடவையில், ஆலயத்தில், ஆண்களும் பெண்களுமாக எல்லோருக்கும் முன்னால். யாரோ ஒரு பெண் மூக்கை முந்தானையால் பொத்தினதையும் பார்த்தேன். நடந்து என் இடத்துக்குத் திரும்ப வேண்டும், கால் எழவில்லை. அப்போது முன் வரிசையிலிருந்து ரூபி அக்கா எழுந்து வந்தார்கள். என் முதுகுப்பக்கம் வந்து, என்னை ஒட்டி நின்றுகொண்டார்கள். பிறகு இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். என்னைச் சுற்றி மறைத்தபடியே வாசல் வரைக்கும் கூட்டி வந்தார்கள். உள்ளே ஆறாவது வார்த்தையை ஒருவர் ஆரம்பித்திருந்தார். வெளியே குழாயடியில் ரூபி அக்கா என் கால்களைக் கழுவிவிட்டார்கள். வேண்டாம் அக்கா என்று எவ்வளவோ சொன்னேன்.

"அன்னிக்கு மெத்தையில பட்டது மழைத் தண்ணி இல்லன்னு எனக்குத் தெரியும்டி" என்றார்கள். "பின்னால நின்னவங்க பாக்கக்கூடாதேன்னுதான் மேல ஓட்டப் பாத்தேன். நீயா சொல்லுவன்னு இருந்தேன். நானாச்சும் வந்து கேட்டிருக்கணும். எனக்கும் கேக்க வெக்கமா இருந்துச்சு."

சாட்சி சொல்லுகிறவர்கள் சில பேர் அழுதவுடனே பாரம் நீங்கிற்று, சமாதானம் நிரம்பிற்று என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. பொய் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஏன் வாயைத் திறந்தோம் என்று இருந்தது. ஊர் வாயை மூட உலை மூடி உண்டா? மறுநாள் மதியம் என் வீட்டுக்காரர் ஊர் திரும்பினபோது பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே அவர் காதுக்குச் செய்தி எட்டிவிட்டது. வந்தவர் உட்காரவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சவளுக்கு எங்கிட்ட சொல்ல வாய் வரலியா?"

"நீங்க அருவருத்துடுவீங்கன்னு பயந்தேங்க."

"நான் என்னா நெனச்சேன் தெரியுமா எஸ்தரு? ஒனக்கு எம்மேல வெறுப்பு வந்திருச்சுன்னு நெனச்சிட்டேன். வண்டிய எடுத்தா ஏண்டா வூட்டுக்குத் திரும்பறோம்னு இருந்துச்சு."

என் வெட்கத்தை மூடி மூடி, அந்த மனுஷனை அத்தனை மாதம் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஈஸ்டர் முடிந்த வாரம் வண்டிக்குப் போகாமல் இருந்து, என்னைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார். ரூபி அக்கா விசாரித்துச் சொன்ன ஆஸ்பத்திரி அது. அக்காவும் கூட வந்தார்கள்.

அங்கே ஒரு லேடி டாக்டர். எத்தனையோ பேரைப் பார்த்தவர்கள் என்பது அவர்கள் கதவைத் தாங்களே எழுந்து சாத்தினதிலேயே தெரிந்தது. பரிசோதித்தார்கள். மூத்திரப் பையில் ஓட்டை விழுந்திருக்கிறது, இப்படிச் சில பேருக்கு நடப்பதுண்டு, தைத்துச் சரி செய்யலாம் என்றார்கள். "சரி செய்யலாம்" என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு வைத்தியம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்டிருந்தால்தானே தெரியும்.

"தண்ணி எவ்ளோ குடிப்பீங்க?" என்று கேட்டார்கள்.

"கொறைச்சுதாங்க. நாத்தம் வருதேன்னு."

"குடிக்காததாலதாம்மா அவ்ளோ நாத்தம். தண்ணி கொறையக் கொறைய அது காரமாயிடும். தோலு வெந்து புண்ணாயிடும். நல்லா குடிச்சிருந்தீங்கன்னா இவ்ளோ வாடையும் வந்திருக்காது, இந்தப் புண்ணும் வந்திருக்காது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறைக்கிறேன் என்று செய்ததுதான் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. தாகத்தோடு பட்ட பாடெல்லாம் வீண் பாடு.

புண் ஆற வேண்டும், அதன் பிறகுதான் ஆபரேஷன் என்றார்கள். ஆகஸ்டு மாதம் நடந்தது. பிறகு ரப்பர் குழாய் வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். குழாய் அடைக்காமல் இருக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நர்ஸுகள் விரட்டுவார்கள். குடிக்க மறுத்தே பழகினவளுக்கு அதுதான் வைத்தியம். பெண்கள் வார்டு என்பதால் என் வீட்டுக்காரரைப் பார்வை நேரத்தில்தான் விடுவார்கள். வந்தவுடன் வேறு எதுவும் கேட்கமாட்டார். "குடிச்சியா?" என்பார். டம்ளரை நீட்டுவார். அவர் பார்க்கக் குடிப்பேன். குழாயை எடுத்த மறுநாள் காலையில் விரிப்பைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நம்பிக்கை வராமல் திரும்பத் திரும்பத் தடவினேன். பக்கத்துக் கட்டில் பெண் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். கர்த்தருடைய பெயரைச் சொல்லி அழத்தான் முடிந்தது.

ஊர் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், ஊர்ப்பேச்சாக அரைகுறையாய்க் கேட்டிருந்த வசந்தாவிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். எலியைப் பற்றியும் சொன்னேன். அவள் கையிலிருந்த பொம்மையைக் கீழே வைத்துவிட்டாள். "அட, எம் புத்திய செருப்பால அடிக்கணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு ஆலயத்தில் நடந்ததைச் சொன்னபோது அவள் கேட்டாள்.

"ஒங்க சாமியே தண்ணி கேட்டுச்சா?"

"கேட்டாரு."

"யாராச்சும் குடுத்தாங்களா?"

"காடியக் குடுத்தாங்க. இதோ, இந்த மாதிரி ஸ்பாஞ்சுல நனைச்சு."

"அடப் பாவிங்களா" என்றாள். "சாமியே வாயத் தொறந்து கேட்டிருக்குது. ஒனக்கு என்னாடி, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கு?" என்றாள்.

பிரியமானவர்களே, பாடுகளைக் குறித்து நான் கற்றது இவ்வளவுதான். ஐயர் மாதிரி விளக்க எனக்குத் தெரியாது. பாடு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு சகிப்பது என்று நான் நினைத்திருந்தேன். அப்படிச் சகித்தால் ஆண்டவரைப் போல் இருக்கிறோம் என்று ஒரு பெருமைகூட உள்ளுக்குள் இருந்தது. ஆனால் அவர் அப்படிச் சகிக்கவில்லையே. உடுப்பில்லாத நிலையில், தம்மைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடத்திலேயே, எனக்குத் தாகமாயிருக்கிறது என்று சொன்னார். ஆறுகளை உண்டாக்கினவர் ஒரு வாய் தண்ணீருக்கு வாய் திறந்தார். அவர் அந்த அவமானத்துக்கு உள்ளேயே போய் நின்றதால், நான் நனைந்து நின்ற இடத்திலும் எனக்கு முன்னால் அவர் நின்றிருந்தார் என்று விசுவாசிக்கிறேன்.

யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் என்று ஒன்பது மாதம் கேட்டேனே, அந்த ஜெபத்துக்கு அவர் பதில் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் முதலில் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன். கொடுத்திருந்தால் இன்றைக்கு நான் உயிரோடு இருந்திருப்பேனா என்று தெரியாது. நான் கேட்கத் துணியாத சுகத்தை அவர் கொடுத்தார். முழுச் சுகமா என்றால், பலமாக இருமினால் இன்னமும் ஒரு சொட்டு வந்துவிடும். அதையும் மறைக்கவில்லை. இந்த இரண்டு வருடத்தில் நல்லூர் பக்கத்திலிருந்து ஒரு அக்காவையும், பெண்ணாடத்திலிருந்து பிள்ளை பெற்ற ஒரு சின்னப் பெண்ணையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். இருவரும் என்னைப் போலவே தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று, நான் என்னைப் பற்றிச் சொன்ன பிறகுதான் வாய் திறந்தார்கள்.

வெட்கம் போய்விட்டதா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். போகவில்லை. அன்றைக்கு ஆலயத்தில் நடந்ததிலிருந்து ஊரில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கடைத்தெருவில் போகும்போது என் முதுகுக்குப் பின்னால் கேட்கும். கேட்கும்போதெல்லாம் முகம் சுடும். முதலில் அந்தப் பெயர் மறைந்துபோக வேண்டும் என்று ஜெபித்துப் பார்த்தேன். இப்போது அப்படி ஜெபிப்பதில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது, வெளியே சொல்ல முடியாத ஒரு நோவு இருக்கலாம். என் நோவாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். சிலுவையில் தொங்கினவரிடம் அதைச் சொல்லுங்கள், அவர் முகம் சுளிக்கமாட்டார். மனுஷரிடம் சொல்லப் பயமாக இருந்தால் என்னிடம் வாருங்கள். விருத்தாசலத்தில் இறங்கி, செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் எஸ்தர் வீடு என்று கேட்டால் தெரியாது என்பார்கள், எங்கள் பக்கம் எஸ்தர்கள் பல பேர். "ஒழுவுற எஸ்தரு வூடு எது?" என்று கேளுங்கள். யாரானாலும் காட்டுவார்கள்.